எலியேசரின் கால்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஆகஸ்ட் 1992

பரிபூரணத்திற்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பதாக அம்மாவுக்கு வரும் கடிதங்களில் தெரிந்துகொள்கிறேன், கர்த்தர் கிருபையால் அப்படியே இரு. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. உன் தம்பி எலியேசரின் கால் இன்னும் ஒட்டவில்லை. லேசான முறிவுதான், தேறி வருகிறான் என்று அம்மா எழுதியதெல்லாம் நீ பயப்படக் கூடாதே என்று எழுதியது. எனக்கு உன்மேல் அந்த இரக்கம் இல்லை, உள்ளதை எழுதுகிறேன்.

மழை பெய்த மறுநாள் செண்பகத்தோப்பு ஓடையில் குளிக்கப் போனவன் பாறையில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பை முறித்துக்கொண்டான். மதுரைக்குக் கொண்டுபோக நான் உடனே கார் பேசிவிட்டேன். உன் மாமா ஞானதுரை ராஜபாளையத்திலிருந்து வந்து வாசலிலேயே மறித்தார். "மச்சான், மதுரைக்காரன் கத்தியத்தான் எடுப்பான். வத்திராயிருப்பு பேச்சிமுத்து கட்டுன காலெல்லாம் இன்னைக்கு மில்லுல மூட்டை தூக்குது. இந்தத் தடவையாவது எம்பேச்சக் கேப்பியளா, இல்ல ஒங்க மக மாதிரிதானா" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அவர் மகனுக்கும் உனக்கும் கல்யாணம் என்று கோயிலில் முதல் ஓலை வாசித்த பிறகு நீ விமானம் ஏறிப் போனாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபை ஐயர் உங்கள் பெயரை விட்டுவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனபோது ஞானதுரை தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர் சொல்லை இரண்டாம் முறை தட்ட எனக்கு வாய் வரவில்லை, காரைத் திருப்பி அனுப்பினேன். அதற்கு நீயும் காரணம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

நாட்டு வைத்தியர் பேச்சிமுத்து முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துப் பற்றுப் போட்டு மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். அதோடு விட்டிருந்தாலும் ஒருவேளை ஒட்டியிருக்கும். வாராவாரம் கட்டை அவிழ்த்து எண்ணெய் விட்டு நீவி, எலும்பு நேராக நிற்கிறதா என்று காலை இழுத்துப் பார்த்து மறுபடி கட்டுவது அவர் முறை. இவன் அலறினால், "ஏலே, எலும்பு பேசட்டும், நீ எதுக்குப் பேசுத" என்று சிரிப்பார். பிறகு சிம்பு அழுத்திய இடம் புண்ணாகிச் சீழ் வைத்தது. அப்புறம்தான் மதுரைக்குப் போனோம். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த டாக்டர், இரண்டு முனைக்கும் நடுவில் வெறும் நார்தான் இருக்கிறது, ஒட்ட ஆரம்பித்ததை வாரம் ஒரு முறை பிய்த்திருக்கிறார்கள் என்றார்.

முறிந்த இடத்தில் பழைய எலும்புக்குள் இருக்கும் ஒரு புரதம் வெளியே வந்து, இன்னதாக ஆவது என்று முடிவாகாத செல்களை எலும்பு கட்டும் செல்களாக மாற்றுகிறது, இடம் அசையாமல் இருந்தால்தான் அவை வேலையை முடிக்கும், அசைந்தால் நாராக நின்றுவிடும் என்று நீ போன வருஷம் அம்மாவுக்கு எழுதியிருந்தாய். அவள் சத்தமாக வாசித்தாள், நான் பேப்பர் பார்ப்பது போல எல்லாவற்றையும் கேட்டேன். நானும் விலங்கியல் படித்தவன்தான். இவ்வளவு தெரிந்த நீ கடல் தாண்டி எலிகளின் எலும்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்.

இப்போது விஷயம் இதுதான். இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் செதுக்கி முறிவில் வைத்து, கம்பி போட்டு அசையாமல் நிறுத்தினால் அந்தப் புரதமே செல்களைக் கூப்பிட்டு எலும்பு வளரவைக்கலாம் என்கிறார் டாக்டர். ஆனால் சீழ் முழுக்க வற்றாமல் செய்து அது மேலே ஏறினால் முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டிவரும். இப்போதே எடுத்தால் முழங்கால் மிஞ்சும், கட்டைக்கால் வைத்து நடந்துவிடுவான். புண்ணைக் காயவைக்க ஒரு மாதம் கொடுத்திருக்கிறார், அதற்குள் தகப்பன் முடிவு சொல்ல வேண்டுமாம். கோர்ட்டில் எத்தனையோ பேருடைய தீர்ப்பைப் பிரதி எடுத்துக் கொடுத்தவன் நான். இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் புண்ணின் வாடையை ஆபீசில் இருக்கும்போதும் முகர்கிறேன். அவனோ அம்மாவிடம், "எம்மா, இனிமே ஒத்தச் செருப்பு போதும்லா, அப்பாவுக்கு மிச்சந்தான்" என்கிறான். அவள் அடுப்படிக்குப் போய் முந்தானையை வாயில் அடைத்துக்கொள்கிறாள்.

இடுப்பெலும்பா, காலை எடுப்பதா, இதற்கு மட்டும் பதில் சொல். ஞானதுரையிடம் இனிக் கேட்க மாட்டேன், உன்னைத் தவிர கேட்க ஆள் இல்லை. பதிலைக் கடிதமாக அனுப்பாதே, தாமதமாகும். பக்கத்துப் பால்கோவாக் கடை கருத்தையாவுக்கு இப்போது போன் வந்திருக்கிறது, நம்பரை ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அம்மாவைக் கூப்பிட்டுச் சொல். நான் வந்து பேச மாட்டேன், பேசினால் அழுதுவிடுவேன். டாக்டரிடம் கேட்க வேண்டியது இருந்தால் அதையும் அவளிடமே சொல். குளிர் வரும்போது கவனமாக இரு. கர்த்தர் உன்னையும் உன் வேலையையும் காக்கட்டும், அதை மனதார எழுதுகிறேன்.

இந்த இடத்தில் உன் அன்புள்ள அப்பா என்று போட வேண்டும். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, தீராமல் அப்படிப் போட்டால் அது பொய். வேறு எப்படியும் போட எனக்கு வராது. கோபம் தீர்ந்து மனசு கூடி வரும்வரை காத்திருக்க எலியேசரின் காலுக்கு நேரம் இல்லை. அதனால் பெயர் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.