சிங்கக் குழாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்க, நைனா

என் தங்க நைனாவுக்கு,

நீ போய் இன்னையோட ஒரு வருசம். படத்துக்குப் பூ போட்டாச்சு, உனக்குப் புடிச்ச கருவாட்டுக் குழம்பும் வச்சாச்சு. தண்ணிச் செம்பு மட்டும் காலியா இருக்கு. அதை உன்கிட்ட சொல்லாம வேற யார்கிட்ட சொல்லுவேன்?

திருப்பதி பஸ் நிக்கிற நாலு ரோட்டுல இருக்கே, நம்ம சிங்கக் குழாய், அதைப் பத்திதான். வெள்ளைக்காரன் காலத்துக் கல் தூண், நாலு பக்கமும் நாலு சிங்க வாய், ராவும் பகலும் தண்ணி. அதுக்கு முன்னால நம்ம காலனி ஆளுங்க ஊர்க் கிணத்தைத் தொட முடியாது. கையைக் குவிச்சுக்கினு குனிஞ்சு நிக்கணும், யாராவது மேலருந்து ஊத்தினாத்தான் உண்டு. குழாய் வந்த அன்னிக்கு தாத்தா சிங்கத்து வாயிலயே வாயை வச்சுக் குடிச்சாராம். இந்தக் கதையை எத்தனை வாட்டி சொல்லியிருப்ப! "போதும் நைனா, காது புளிச்சுப் போச்சு"ன்னு கத்துவேன். இப்ப சொல்ல ஆள் இல்ல.

ரோட்டை அகலமாக்கறோம்னு குழாயை இடிக்க வந்தாங்களே, அன்னிக்கு நீ பண்ணின வேலை இருக்கே! மார்க்கெட்ல தூக்கின மூட்டையை அப்படியே போட்டுட்டு ஓடி வந்து, நாலு சிங்கத்துக்கும் மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, வேப்பிலை சொருகி, "கங்கம்மா இறங்கியிருக்கா, எவன்டா கை வைக்கிறவன்?"னு ஆடின. மிஷின் ஓட்டினவன் "நா வல்ல காதப்பா", என்னால ஆகாதுப்பான்னு தெலுங்குல சொல்லிக் கும்பிட்டுட்டு இறங்கியே போயிட்டான். வீட்டுக்கு வந்து வயித்தைப் புடிச்சுக்கினு சிரிச்ச.

உண்மைதான் நைனா, அதுக்கப்புறம் எவனும் கை வைக்கல. இப்ப நம்மளையும் வைக்க விடறதில்ல.

நீ போன பிறகு ஊர்ப் பெரிய மனுசனுங்க அதுக்கு மண்டபம் கட்டிட்டாங்க. சுத்தி கம்பி வேலி, பூட்டு, பாதுகாக்கப்பட்ட இடம், தொடக்கூடாதுன்னு தெலுங்குல ஒரு போர்டு. எச்சில் படக் கூடாதாம், மூணு வாயை சிமெண்ட் பூசி அடைச்சுட்டாங்க. ஒரு வாய் மட்டும் வேலிக்குள்ள, தீர்த்தத்துக்கு. மூட்டை தூக்குறவங்க எல்லாம் பாக்கெட் தண்ணி வாங்கிக் குடிக்கிறாங்க.

காலையில உனக்கு அந்தத் தண்ணிதான் வைக்கணும்னு செம்பை எடுத்துக்கினு போனேன். பூசாரி நம்மளத் தெரிஞ்சவன்தான். "காலனிப் பொண்ணு தானே, அங்கியே நில்லு. செம்பைக் கீழ வை, மேலருந்து ஊத்தறேன்"னான்.

என் வாய் எப்படிப்பட்ட வாய்னு உனக்குத் தெரியும். அதைத் திறக்கறதுக்குள்ள, உன்கூட மூட்டை தூக்கினவங்களே பின்னால நின்னுக்கினு, "சாமி காரியம்மா, பேசாம வாங்கிக்கினு போ"ன்னாங்க. அதுல தான் செத்தே போனேன்.

நீ அதைக் காப்பாத்தாமலே விட்டிருக்கலாமோ? இடிச்சிருந்தா ரோடாவது வந்திருக்கும், அது மேல நாம நடந்திருப்போம். இப்படி நினைக்கிறது பாவமா? சொல்லேன்.

செம்பைத் தூக்கிக்கினு வந்துட்டேன். "நம்ம வீட்டுக் குழாய்ல புடிச்சு வையேன்"னு உன் மருமகன் சொல்றாரு. மனசு வரல. எதுவும் மாறும்னு நம்பிக்கையும் இல்ல, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணு மட்டும் சத்தியம். மேலருந்து ஊத்தின தண்ணி உன் முன்னால வராது. வருசா வருசம் காலிச் செம்பைத்தான் வைப்பேன். தாகம் எடுத்தா பொறுத்துக்கோ, நைனா.

கையைக் குவிக்காத உன் மூத்த மக,
கௌரி