விளக்கெண்ணெய் பூசிய சீட்

சேவூர்,
19.7.2009

அன்பு மகன் சரவணக்குமாருக்கு அப்பா எழுதிக்கொண்டது. நானும் அம்மாவும் உன் தங்கச்சி பூங்குழலியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், துபாய் வெயிலில் உன் உடம்பும் அப்படியே இருக்க வேண்டும் என்று அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இந்தக் காலத்தில் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ அப்பா என்று கூப்பிட்டதும் என் கோபம் கரைந்துவிடும், பக்கத்தில் உன் அம்மாவும் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். இந்தக் கோபம் கரைய வேண்டாம் என்று நினைக்கிறேன். இன்று ஞாயிற்றுக்கிழமை. இந்நேரம் நான் காருக்குள் உட்கார்ந்து சீட் துடைத்துக்கொண்டிருப்பேன் என்று உனக்குத் தெரியும். இன்று துடைக்கவில்லை.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஆனி கடைசியில் மூலனூரில் இருந்து பூங்குழலியைப் பார்க்க வந்தார்கள். பையன் பள்ளிக்கூட வாத்தியார், தலை நிமிர்ந்து பேசுகிறான், அவளுக்கும் பிடித்திருக்கிறது. ஆடி முடியட்டும், ஆவணியில் உறுதி செய்துகொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் அவிநாசி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்க, நான் நம் பழைய எஸ்டீம் காரை எடுத்துக்கொண்டு போனேன். ஆட்டோ வைத்து வருகிறோம் என்றார்கள், நான் விடவில்லை. பையனின் அப்பா சுப்பையனை முன் சீட்டில் உட்கார வைத்து, துபாயில் இருக்கும் என் மகன் எனக்காகப் போட்டுக் கொடுத்த தோல் சீட் இது, நிஜத் தோல், வாராவாரம் என் கையால் எண்ணெய் போடுகிறேன் என்று சேவூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தேன். அவரும் தடவிப் பார்த்து, ஆமாங்க, நல்லா வழுவழுன்னு இருக்குதுங்க என்றார். வாசலில் இறங்கினார் பார், அவருடைய வெள்ளை வேட்டியின் பின்பக்கம் முழுக்கக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. சட்டை முதுகிலும் அப்படியே. என் வேலைச் சட்டையில் ஒட்டியதை எல்லாம் மிஷின் எண்ணெய் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். எண்ணெய் மில்லில் டின் மேல் உட்கார்ந்து எழுந்தவர் மாதிரி இருந்தது. பெண் பார்க்க வந்த மனிதருக்கு என் வேட்டியை எடுத்துக் கட்டக் கொடுத்தேன். பரவால்லீங்க, தொவைச்சாப் போகுதுங்க என்று அவர் பெரிய மனதோடு சொல்லிவிட்டார். உள்ளே பெண்கள் சிரித்தது எனக்குக் கேட்டது. அந்தச் சிரிப்பில் உன் அம்மா சேரவில்லை, அவள் முகம் வேறு மாதிரி இருந்தது. அப்போது எனக்கு ஏன் என்று புரியவில்லை.

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு, திருப்பூரில் சீட் கவர் தைக்கும் இசக்கிமுத்துவிடம் வண்டியைக் கொண்டுபோனேன். நீ துபாய்க்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் அவரிடம்தான் சீட் தைக்கக் கொடுத்தாய். தோல் ஏன் இப்படி எண்ணெயைக் கக்குகிறது, நல்ல விளக்கெண்ணெய்தான் போடுகிறேன், நம் தோல் செருப்புக்கு எத்தனை வருஷமாகப் போடுகிறோம், செருப்பு குடித்துக்கொள்கிறது, சீட் ஏன் குடிக்கவில்லை என்று கேட்டேன். மனிதர் சீட்டை ஒரு முறை அழுத்தித் தடவிப் பார்த்தார். பிறகு, அண்ணாச்சி, எண்ணெய் போடுதேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தியன்னா அன்னைக்கே தடுத்திருப்பேன், இது தோலே இல்ல, ரெக்சினு, ஒங்க மவன்தான் அப்பாகிட்ட சொல்லிராதியன்னு சொல்லிட்டுப் போனாவ என்றார். நான் நம்பவில்லை. சீட்டின் அடியில் நான்கு தையலைப் பிரித்து உள்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். தோல் என்றால் பின்பக்கம் நார்நாராக, மிருகத்தின் சதை ஒட்டியிருந்த அடையாளத்தோடு இருக்குமாம். இதில் என்ன இருந்தது தெரியுமா? பனியன் துணி. வெள்ளைப் பனியன் துணியின் மேல் பிளாஸ்டிக்கை ஊற்றி ஒட்டியிருக்கிறார்கள். என் விரல் தன்னால் போய் அதைத் தேய்த்துப் பார்த்தது, எடை நூற்றைம்பது ஜிஎஸ்எம் இருக்கும். இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவன், கண்ணை மூடிக்கொண்டு தொட்டு எடை சொல்கிறவன், இரண்டரை வருடமாகப் பனியன் துணி மேலேயே உட்கார்ந்துகொண்டு ஊரெல்லாம் தோல் என்று சொல்லித் திரிந்திருக்கிறேன்.

ஒன்று சொல்கிறேன் கேள். நீ சீட் போட்டுக்கொண்டு வந்த அன்றைக்கே என் விரலுக்குச் சந்தேகம் வந்தது. ஜில்லென்று இருந்தது, பசை வாடை அடித்தது. ஆனால் சொன்னது நீ. அதனால் விரலைச் சும்மா இருக்கச் சொன்னேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போனது என்பார்கள், என் புத்தி உன் மேல் போயிருந்தது. நீ பிளஸ் டூ படிக்கும்போது நடந்தது உனக்கு மறந்திருக்காது. கம்பெனி முதலாளி காரில் சாம்பிள் பீஸ் எடுத்துக்கொண்டு கோயம்புத்தூர் போனேன், என் சட்டையில் பஞ்சு ஒட்டியிருக்கிறது என்று டிரைவர் தோல் சீட்டில் பாலித்தீன் கவரை விரித்து அதன் மேல் என்னை உட்கார வைத்தான், போய்வர அந்தக் கவர் சரசரவென்று சத்தம் போட்டது. வீட்டில் வந்து நான் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். நீ சிரிக்கவில்லை. ஒரு நாள் உங்களைச் சொந்தத் தோல் சீட்டுல உக்கார வெக்கறேன்ப்பா என்றாய். அந்த வார்த்தையைத்தான் நான் வாராவாரம் துடைத்தேன் கண்ணு. ரெக்சின்தான் முடிந்தது என்று சொல்லியிருந்தால் நான் வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்? மரப் பலகை என்றாலும் நீ போட்டது என்று உட்கார்ந்திருப்பேனே. தோலைவிட என்னிடம் உண்மை பேசுவது உனக்குக் கஷ்டமாகப் போய்விட்டதா?

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன். அவளுக்கு முதல் நாளில் இருந்தே தெரியுமாம். பூங்குழலிக்கும் தெரியுமாம். உங்க சந்தோசத்தக் கெடுக்க மனசு வல்லீங்க, அதான் சொல்லுலீங்க என்கிறாள். நான் ஒவ்வொரு ஞாயிறும் கம்பெனியில் கழிக்கிற வெள்ளைக் கட்டிங் வேஸ்ட் துணியைச் சுருட்டி எண்ணெயில் தொட்டுத் தொட்டுத் தேய்க்கும்போது, போதுமுங்க உட்டுருங்க என்று வாசலில் நின்று சொல்வாள். எண்ணெய் வீணாகிறது என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். காருக்குள் முறுக்கு தின்னக் கூடாது, ஈரத் தலையோடு சாயக் கூடாது என்று பூங்குழலியை எத்தனை முறை அதட்டியிருப்பேன், அவளும் சரிங்கப்பா சரிங்கப்பா என்று கேட்டுக்கொண்டாள். மூன்று பேரும் சேர்ந்து முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தீர்கள், நானும் அந்தச் சோற்றை ருசித்துச் சாப்பிட்டேன். வெளி ஆள் ஏமாற்றினால் சண்டை போடலாம். வீட்டில் எல்லோரும் பாசத்தால் ஏமாற்றினால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது? நான்கு நாள் நான் அவளோடு பேசவில்லை.

பேசாமல் இருந்த அந்த நாட்களில்தான் பொங்கலுக்கு நீ அனுப்பிய போட்டோவை எடுத்துப் பார்த்தேன். வெள்ளைக் காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறாயே, கம்பெனி கார் என்று எழுதியிருந்தாயே, அது. ஆறு மாதமாகப் பர்ஸில் வைத்துப் பார்க்கிற ஆளுக்கெல்லாம் காட்டியிருக்கிறேன். இந்த முறை கம்பெனிக்குக் கொண்டுபோய், செக்கிங் மிஷினில் துணிக்கு அடியில் எரியுமே அந்த டியூப் லைட் வெளிச்சத்தில் ஓட்டை பார்ப்பது போலப் பார்த்தேன். உன் கையில் மஞ்சள் துணி மடித்து இருக்கிறது. உனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர், உன் சட்டை போலவே அதே நீலச் சட்டை. ஓரத்தில் பாதி பக்கெட் தெரிகிறது. கொள்முதல் ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை என்று சொன்னாய். ஆபீஸில் யாரப்பா பக்கெட் வைத்திருக்கிறான்? இங்கேயே போன வருடக் கடைசியில் இருந்து ஆர்டர் குறைந்து பாதி மிஷின் நிற்கிறது, அங்கேயும் கம்பெனிகளை மூடுகிறார்கள் என்று பேப்பரில் வருகிறது. உன் வேலை எப்போது போனது? இல்லை, அந்த வேலையே இருந்ததில்லையா? உன் அம்மாவுக்கு இதுவும் தெரியுமா? அவளிடம் கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்கவில்லை. உன் மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் பாதி என் மேல் வந்துவிட்டது. ஆறு மாதம் அந்தப் போட்டோவில் காரையே பார்த்திருக்கிறேன், உன்னைப் பார்க்கவில்லை.

நீ அங்கே கார் கழுவுகிறாய் என்று நான் நினைப்பது தப்பு என்றால் திட்டி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் இசக்கிமுத்து எனக்குச் சொல்லிக் கொடுத்ததை உனக்கும் சொல்கிறேன், தெரிந்திருந்தாலும் கேட்டுக்கொள். ரெக்சின் என்றால் கொஞ்சமாகச் சோப்புத் தண்ணீர், பிழிந்த துணி, பிறகு காய்ந்த துணி, அவ்வளவுதான், எண்ணெய் பக்கத்திலேயே வரக் கூடாது. நிஜத் தோல் என்றால் தண்ணீர் சொட்டக் கூடாது, தையல் இடுக்கில் அழுக்கை முதலில் மெல்லிய பிரஷ்ஷால் எடுத்துவிட வேண்டும், அதற்கென்று விற்கிற கிரீமைத் துளி தொட்டு வட்டமாகத் தேய்த்தால் போதும். சாயத் துணியால் துடைத்துவிடாதே, வெளிர் நிறத் தோலில் சாயம் இறங்கினால் போகவே போகாது, திருப்பூர்க்காரனுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வெயிலில் நின்ற வண்டிக்குள் உடனே தலையை விடாதே, கதவைத் திறந்து சூடு போனபிறகு வேலையில் இறங்கு. கைக்கு உறை போட்டுக்கொள், நாளெல்லாம் சோப்புத் தண்ணீரில் நின்றால் விரல் தோல் உரியும். எந்த வேலை செய்தாலும் எனக்கு அவமானம் இல்லை. எனக்குச் சொல்லாமல் செய்வதுதான் அவமானம்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவோடு பேச ஆரம்பித்துவிட்டேன், அதற்காக நீ கவலைப்பட வேண்டாம். ஆவணி உறுதிக்கு வர முடியாவிட்டால் வர முடியவில்லை என்றே சொல், லீவு கிடைக்கவில்லை என்று கதை வேண்டாம். நீயும் உன் கையும் நோய் நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். மறந்துவிடாதே, இந்தக் கடிதம் கிடைத்ததும் ஒரு போட்டோ அனுப்பு. கார் வேண்டாம். உன் இரண்டு கையையும் விரித்து வைத்து, அதை மட்டும் எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
உன் மேல் கோபமாக இருக்கும் அப்பா,
ராசப்பன்