முன்வரிசைக்காரன்

அன்புள்ள லொரெட்டா,

மிசிசிப்பியில் மழை விடவில்லை. எங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று பார்த்துவரச் சொன்ன கல்லூரி அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரன் டார்னெலை இன்று பார்த்தேன். பந்து எறிபவனை முன்வரிசையில் நின்று காப்பவன். முட்ட வந்த ஒருவனும் அவனைத் தாண்டவில்லை. எல்லா முட்டலையும் தலையில்தான் வாங்கினான்.

பயிற்சி முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு வந்தான்.

"சார், நீங்க எந்த டீம்?"

சொன்னேன். தன் ஆட்டத்தைப் பற்றி அழகாகப் பேசினான். பிறகு அதே சிரிப்போடு, "சார், நீங்க எந்த டீம்?" என்றான்.

"சின்னதுலேர்ந்தே மறதிக்காரன் சார்" என்று அவன் அம்மா அவசரமாகச் சொன்னாள்.

மேலாளரைப் போனில் கூப்பிட்டு, இவன் வேண்டாம், முதலில் டாக்டரிடம் காட்டட்டும் என்றேன்.

"காலு எப்படி, அத சொல்லுய்யா. நாம விட்டா அடுத்தவன் தூக்கிட்டுப் போயிடுவான்" என்றார். தூக்கத்தான் போகிறார்கள்.

போனில் பேசினால் நம் மகன் காதில் விழும் என்றுதான் உனக்கு எழுதுகிறேன். நான் வரும்வரை அவனை மைதானத்துக்கு அனுப்பாதே. சண்டை போடுவான், போடட்டும். ஞாயிற்றுக்கிழமை பேசியபோது, பள்ளி ஃபுட்பால் அணிக்குத் தன்னைக் கேப்டனாக்கிய கதையை என்னிடம் இரண்டு முறை சொன்னான். இரண்டு முறையும் புதிதாகச் சொல்வதுபோலவே சந்தோஷப்பட்டான்.

உன்னிடம் எத்தனை முறை சொன்னான்?

உன் கணவன்