புது புஷ்ஷும் எலுமிச்சம்பழமும்

செவ்வாய் இரவு.

காரின் முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மில் வெடித்துப்போய், வேகத்தடைகளில் 'டொக்'கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்த ரப்பர் புஷ்ஷை இன்று வாசலில் நானே மாற்றினேன். சக்கரம் ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிட்டது தப்பு. அப்படியே விட்டால், வண்டி இறங்கும்போது புது ரப்பரும் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும். தளர்த்தி, வண்டியைத் தரையில் இறக்கி, மறுபடி இறுக்கினேன். அதைப் பார்த்து அண்ணனுக்குச் சிரிப்பு.

"தேவாரம் ஊருல மெக்கானிக் இருக்காகள்ல, அங்கன விட வேண்டியதுதான? பொம்பள மாட்டுன வண்டியில அம்மாவ ஏத்தாத."

சக்கரத்தடியில் வைக்க அம்மா எலுமிச்சம்பழம் கொண்டுவந்தாள். அது எப்போதும் அண்ணன் வேலை. கையை நீட்டினான். நான் முந்திக்கொண்டு வாங்கி வைத்தேன். நான் ஸ்டியரிங் முன் உட்கார்ந்ததும் அம்மா பக்கத்தில் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நசுக்குத்தா, போவோம்."

பண்ணைப்புரம் வரை போய்வந்தோம். எந்த வேகத்தடையிலும் அந்த 'டொக்' சத்தம் இல்லை.

நாளை தேனிக்குப் போக அண்ணனுக்கு வண்டி வேண்டுமாம். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது. வேண்டுமென்றால் பின்சீட்டில் ஏறட்டும்.