திருப்பிப் போட்ட ஆட்டம்

அக்டோபர், செவ்வாய் இரவு

எங்கள் அச்சகத்தில் சத்தீஸ்கர் விதைக் கடை ஒன்றுக்குக் காலண்டர் ஆர்டர்; டிசைன் என் வேலை. படம் கடைக்காரரே அனுப்பியது. அவர் ஊர்ப் பக்கத்துக் கோண்டு மக்கள் அறுவடைத் திருநாளில் கைகோத்து வட்டமாக ஆடுகிறார்கள். முன்னால் இருக்கும் பெண்கள் கடைப் பெயரை விட்டு விலகிப் போவதுபோல் இருந்தது. அப்படி விட்டால் எந்தக் கடைக்காரருக்கும் பிடிக்காது. வழக்கம்போலப் படத்தை இடவலமாகத் திருப்பிவிட்டேன்.

மிஷின் ஓடும்போதுதான் எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது. அவர்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்தான் சுற்றி ஆடுவார்கள். சாமிக்கு ஆடும் ஆட்டம். நான் அதைக் கடிகாரத்தோடு சுற்றவிட்டிருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன்.

“எங்கிட்டுச் சுத்துனா என்ன தாயி? சுவத்துல தொங்கப்போகுது.”

“பிள்ளையார் படத்தை இப்படித் திருப்புவோமா அண்ணாச்சி?”

“ஏ, தும்பிக்கை வலஞ்சுழியாப் போயிரும்ல! வீட்டுல மாட்ட மாட்டாக.” சொன்னவர் அச்சான தாள் ஒன்றை எடுத்துப் பார்த்தார்.

மிஷின் ஓட்டும் மாரியண்ணன் சிரித்தார். “பாதி லோடு ஓடிருச்சு அண்ணாச்சி. ஆடுறவுகளை இனி எப்படித் திரும்பச் சொல்ல?”

“ஓடுனது போகட்டும். மிச்சத்துக்குப் பிளேட்டை மாத்துங்க. கடைப் பேரை அங்கிட்டு நகத்து தாயி.”

நகர்த்தினேன். சின்ன வேலை. முதலிலேயே செய்திருக்கலாம்.

எல்லாம் ஒரே லாரியில் போகும். ஒரே தெருவில், எதிரெதிர் வீட்டுச் சுவர்களில், அதே பெண்கள் எதிரெதிராகச் சுற்றுவார்கள். எது தப்பென்று அந்த ஊர்க் கோண்டு மக்களுக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். யார் செய்தது என்று தெரியாது. கீழே சிவகாசி என்று மட்டும் சின்னதாக அச்சாகியிருக்கும்.