உன் முகிலுக்கு நான் ஏன் வரவில்லை

அன்பின் றஞ்சி மச்சாளுக்கு,

உன் முப்பத்தோராம் நாள் நினைவுத் திருப்பலிக்கு இன்னும் ஒரு கிழமைதான் இருக்கிறது. அன்றைக்குக் கோயிலில் கொடுக்கப்போகும் நினைவு மலரின் அச்சுப்படியை உன் அம்மா நேற்றுப் பின்னேரம் எங்கள் ஐஸ் கொம்பனிக்கே கொண்டுவந்து என் கையில் தந்துவிட்டார். "பிள்ளை ஜெசி, உதை ஒருக்கா வாசிச்சுத் திருத்தித் தா. அவளின்ரை படிப்பு எங்களுக்கு எங்கை விளங்கப்போகுது? உனக்குத்தான் தெரியும்" என்றார் மாமி.

செத்த பிறகும் உன் கொப்பியைத் திருத்துவது நான்தான், பார்த்தாயா? உயர்தர வகுப்பில் மறைவெப்பக் கணக்கு வந்தால் நீ என்னைத்தான் தேடி வருவாய். பௌதிகத்தில் உன்னைவிட எனக்குத்தான் புள்ளி கூட. ஆனால் அந்த வருடம் அப்பாவைப் பாரிசவாதம் விழுத்தியது. நான் குருநகரில் மீன்வள்ளங்களுக்கு ஐஸ் கட்டி விற்கத் தொடங்கினேன். நீ சுவிஸுக்குப் படிக்கப் போனாய். அதில் உன் பிழை ஒன்றுமில்லை. உன் பிழை ஒன்றுமில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய எரிச்சல்.

மலரின் இரண்டாம் பக்கத்தில், 'பூச்சியப் பாகையில் முகில்கள் உறைந்து வெண்பனியாவதை ஆராய்ந்தவர்' என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். நீ இருந்திருந்தால் கோபத்தில் துள்ளிக் குதித்திருப்பாய். சிவப்புப் பேனையால் ஒரே வெட்டாக வெட்டினேன். சுவிஸ் மலையுச்சி ஆய்வுக்கூடத்தின் வெளிவிறாந்தையில் நின்று போனில் நீ காட்டியது எனக்கு மறக்குமா? சுற்றிவர முகில், உன் கண்ணிமையெல்லாம் வெள்ளை.

"இஞ்சை பாரடி, இந்தக் காத்திலை வாறது தண்ணித்துளி. பூச்சியத்துக்கு எவ்வளவோ கீழை போயும் உறையாமல் நிக்குது. உறையிறதெண்டால் அதுக்குப் பிடிச்சுக்கொள்ள ஒரு தூசி வேணும்" என்றாய். கம்பிவேலியில் காற்றடிக்கிற பக்கம் மட்டும் ஐஸ் இறகு இறகாக வளர்ந்திருந்தது. அந்தத் துளிகள் கம்பியில் முட்டினவுடனேயே உறைந்துவிடுகின்றனவாம். நான் இங்கே ஐஸ் கட்டிகளை உறையவைக்கிற உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், நனைந்த சாக்கின்மேல் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

புயற்காற்றை மலை மறிக்கும். ஈரக்காற்று வேறு வழியில்லாமல் மேலே ஏறும். ஏற ஏறக் குளிரும். எந்தப் பாலைவனத்திலிருந்தோ வந்த ஒரு மண்துகளில் முதல் ஐஸ் பளிங்கு பிறக்கும். அதைச் சொல்லும்போது உன் குரலில் இருந்த சந்தோசம் எனக்குத் தாங்கவில்லை.

"அதுக்குப் பிறகு நடக்கிறதைக் கேள். அந்தப் பளிங்கு பெரிய கள்ளனடி! சுத்திவர நிக்கிற துளியளின்ரை ஆவியை எல்லாம் தான் எடுத்து, ஆறு கை வைச்சு வளரும். துளியள் மெலிஞ்சு மெலிஞ்சு இல்லாமல் போகும். பாரமானவுடனை பளிங்கு கீழை விழும். விழேக்கை, தப்பி நிக்கிற துளியளையும் உடம்பிலை பூசிக்கொண்டு வரும்."

"அப்ப அந்தத் துளியளுக்கு எரியாதோ?" என்று கேட்டேன்.

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "மச்சாள், உப்பிடி இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லை!" நான் பகிடிக்குக் கேட்கவில்லை, றஞ்சி. எனக்கு எரிந்தது, அதனால் கேட்டேன்.

மூன்றாம் பக்கம் மாமி சொல்லச் சொல்ல எழுதினது. 'மச்சாள் ஜெசிக்கு விசா கிடைக்காததால் அந்த மலையை அவளுக்குக் காட்ட முடியவில்லை என்பதே எங்கள் மகளின் ஒரேயொரு மனக்குறை.' பேனை அந்த இடத்தில் நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்த மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, அதிலை ஏதும் பிழை கிடக்கோ?"

"இல்லை மாமி" என்றேன். அதுவும் பொய்.

விசாவை ஒருவரும் மறுக்கவில்லை, றஞ்சி. நான் விண்ணப்பிக்கவேயில்லை. நீ அனுப்பிய அழைப்புக் கடிதம் என் அலுமாரியில் உடுப்புகளுக்கு அடியில் கிடக்கிறது. 'தரேல்லை' என்று ஒற்றைச் சொல்லில் உனக்குச் செய்தி அனுப்பினேன். நீ போனில் அழுதாய். எனக்காக யார் யாருக்கோ கடிதம் எழுதினாய். அடுத்த வருடம் மறுபடியும் அழைத்தாய், நான் மறுபடியும் 'தரேல்லை' என்றேன். உன் முகிலுக்குள் விருந்தாளியாக வந்து, நீ காட்டக் காட்ட வாயைப் பிளந்துகொண்டு நிற்க எனக்கு மனம் வரவில்லை. பொறாமைதான், வேறு பெயர் வைத்து மழுப்பப் போவதில்லை. உனக்கு ஒரு நாளாவது சந்தேகம் வரவில்லையா?

நீ போன பிறகாவது அடங்கும் என்று நினைத்தேன். போன கிழமை உன் மனுசன் சுவிஸிலிருந்து உன் கல்லறையைப் படம் எடுத்து அனுப்பினார். அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்கு வெண்பனி. முதலில் எரிச்சல்தான் வந்தது, பிறகுதான் அழுகை.

நேற்று மாமி போன பிறகு அவரின் அந்த வசனத்தை வெட்டினேன். இதுவரை எழுதியதை இன்று காலை அவரிடம் கொண்டுபோய், வெட்டின இடத்தில் இதைப் போடச் சொன்னேன். மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு சொல்லும் விடாமல் வாசித்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

"அப்ப, நீ கேட்டிருந்தால் தந்திருப்பாங்களோ?" என்றார்.

"தெரியாது மாமி."

"இனியாவது போய்க் கேள்" என்று தாளை மடித்து அச்சுப்படிக்குள் வைத்துக்கொண்டார்.

கேட்கப்போகிறேன், மச்சாள். உன் ஆட்கள் எல்லாரும் வாசிக்கிற மலரில் இந்த மிச்சத்தையும் எழுதித் தருகிறேன், இனி மாறமுடியாது. தரவில்லையென்றால், இந்த முறையாவது அது உண்மையாக இருக்கும். தந்தால், உன் மலையில் ஏறி உன் முகிலுக்குள் வந்து நிற்பேன். பெருந்தன்மையோடு வருவேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. வந்து, உனக்கு முன்னால் நின்று, நேரிலேயே பொறாமைப்படுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பாவின் தங்கை மகள், உன் ஒரே மச்சாள்
ஜெசி
குருநகர்