கழற்றி வைத்த கம்பிகள்

ஆர்லென்,

அடுப்பில் உருளைக்கிழங்கு சூப் இருக்கிறது. ஷெபாய்கன் ஊரில் இருக்கும் அக்கா லாய்ஸ் வீட்டுக்குப் போகிறேன். நாலு மணிக்குத்தான் வருவேன்.

நேற்று உன் கை நடுங்கியதைப் பார்த்து ஸ்க்ரூடிரைவரைப் பிடுங்கிவிட்டேன். "நான் இன்னும் சாகல, வெர்னா. இந்த வீட்டுல பீர் காய்ச்சறது நீயா, நானா?" என்று கேட்டாய். அதற்குப் பிறகு எனக்கு அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. காலையில் நீ எழுவதற்குள், பீர் புளிக்க நீ வாங்கிய வெப்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் கம்பிகளை நானே இணைத்தேன். சரியாகத்தான் வேலை செய்தது. பிறகு உட்கார்ந்து காபி குடித்தேன். குடித்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டேன்.

சூடாக்கவும் குளிர்விக்கவும் தெரிந்த பெட்டியாக நீ தேர்ந்தெடுத்தது நல்லதுதான். இந்தப் பிப்ரவரிக் குளிரில் நம் நிலவறைக்கு, குளிர்விக்க மட்டும் தெரிந்த மலிவானது போதாது. குளிர்பெட்டியின் கம்பி ஒரு பக்கம், வாளியைச் சுற்றும் சூட்டுப் பட்டையின் கம்பி மறுபக்கம். மாற்றி இணைத்தால் பீர் சூடேற ஏற இன்னும் சூடாக்கும். மின்சாரத்தை அணைத்திருக்கிறேன். இருந்தாலும் சோதித்துவிட்டுத் தொடு.

பக்கத்து வீட்டு டேல் வந்து, "நான் முடிச்சுத் தரட்டுமா, பெரியவரே?" என்பான். சூப் கொடுத்து அனுப்பிவிடு.

வெர்னா

வெப்பம் பார்க்கும் முனையைக் காற்றில் தொங்கவிடாதே. பீர் வாளியின் பக்கவாட்டில் ஒட்டி, மேலே துணியை மடித்துக் கட்டு.

இன்னொன்று. கம்பியை இறுக்கும் அந்தச் சின்ன ஸ்க்ரூ கீழே விழும். எனக்கு மூன்று முறை விழுந்தது, கை நடுங்காமலே.